போதிதருமரும் சண்டை வித்தையும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்த பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம் சண்டை வித்தையைப் பற்றியதாகும். நெசவாளர்கள் கூடியிருக்கிற இடத்தில் கூலியைப் பற்றியோ, பட்டு நூல் விலையைப் பற்றியோ பேசாமல், இவன் ஏன் குத்துச் சண்டையையும் கம்புச் சண்டையையும் பற்றிப் பேச வந்தான் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்திலுள்ள சண்டை வித்தைகளில் பேர் போனதாகிய சீன தேசத்துக் குங்பூவை உண்டாக்கியவர் நம் காஞ்சிபுரத்து ராஜகுமாரர் ஒருவர்தான் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. போதிதருமர் என்ற பல்லவ இளவரசர் இந்த ஊரிலிருந்து கப்பலேறிச் சீனாவுக்குப் போனாராம். அங்கே ஷாவொலின் என்கிற மடத்தில் இருந்த சந்நியாசிகள் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு தளர்ந்து கிடந்ததைப் பார்த்தாராம். உடனே அவர்களுக்குக் குத்தவும் உதைக்கவும் கற்றுக் கொடுத்தாராம். அதிலிருந்துதான் குங்பூ, அதிலிருந்துதான் கராத்தே, அதிலிருந்துதான் உலகத்து வித்தையெல்லாம் பிறந்ததாம். 2011ஆம் ஆண்டில் "7ஆம் அறிவு" என்ற சினிமா வந்த பிறகு இந்தக் கதை குழந்தைகள் வாயிலும் புகுந்துவிட்டது. பயிற்சிக் கூடங்களில் அவர் படத்தை மாட்டி மாலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டு வித்தை ஆரம்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நம்மூர்க்காரர் ஒருவர் உலகத்துக்கே குரு என்றால் நமக்குச் சந்தோஷந்தானே, அதை ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். சந்தோஷமாக இருக்கிறது என்பதற்காக ஒரு சங்கதி நிஜமாகிவிடுமா என்று நான் கேட்கிறேன். ஐதிகமென்றும், தலபுராணமென்றும், காதுக்கு இனிமையாகச் சொல்லப்பட்டதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தானே நாம் இத்தனை காலம் ஏமாந்து வந்திருக்கிறோம்? பிறத்தியார் கட்டிய புராணத்தைக் கேள்வி கேட்கிற நாம், நமக்குப் பெருமை தருகிற புராணம் என்றவுடன் வாயை மூடிக்கொண்டால் நம் பகுத்தறிவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆகவே முதலில் இதற்கு ஆதாரம் என்ன என்று பார்ப்போம்.

ஆதாரம் எங்கே?

போதிதருமரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய குறிப்பு, 547ஆம் ஆண்டில் யாங் சுவான்சி என்கிற சீனர் லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதிய புஸ்தகத்தில் இருக்கிறது. அதில் என்ன சொல்லியிருக்கிறது? மேற்குத் தேசத்திலிருந்து வந்த பாரசீகர் ஒருவர் பெரிய கோபுரத்தைப் பார்த்து வியந்தார், தமக்கு வயது 150 என்று சொன்னார் என்று இருக்கிறது. பாரசீகர், தோழர்களே! காஞ்சிபுரத்தார் அல்ல. அதன் பிறகு தான்லின் என்பவர் எழுதிய குறிப்பில்தான் அவர் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசனுக்கு மூன்றாவது மகன் என்று வருகிறது. 645ஆம் ஆண்டில் தாவோசுவான் என்ற பிக்கு எழுதியதில் அவர் தென்னிந்தியப் பார்ப்பன குலத்தவர் ஆகிறார். 1004ஆம் ஆண்டில், அதாவது அவர் காலத்துக்கு ஏறக்குறைய 500 வருஷத்துக்குப் பிறகு தொகுத்த ஒரு நூலில் அவருடைய நாட்டின் பெயர் சியாங்-சி என்று காணப்படுகிறது. இந்தச் சியாங்-சிதான் காஞ்சி என்று இக்காலத்தவர் சிலர் பொருள் பண்ணுகிறார்கள். அப்படியும் இருக்கலாம், வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாரசீகர், தென்னிந்தியர், பார்ப்பனர், ராஜகுமாரர் என்று காலம் ஆக ஆக ஒரு மனிதனுடைய ஊரும் குலமும் இப்படி மாறிக்கொண்டே வந்தால் அதைச் சரித்திரம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? மேலே சொன்ன பழைய குறிப்புகள் ஒன்றிலாவது அவர் ஒரு குத்து குத்தினார், ஓர் உதை உதைத்தார் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர் சுமார் 640ஆம் ஆண்டு வாக்கில் தென்னாட்டுக்கு வந்து காஞ்சியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இங்கே 100க்கு மேற்பட்ட பௌத்த மடங்களும், 10,000 பிக்குகளும் இருந்ததாக எழுதுகிறார். நாளந்தாவில் பேர் பெற்ற தர்மபாலர் பிறந்த ஊர் இதுதான் என்றும் எழுதுகிறார். தம் தேசத்துக்கே வந்து மதம் பரப்பியதாகச் சொல்லப்படும் போதிதருமர் பிறந்த ஊரும் இதுதான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நம்மூரில் பிறந்து சீனா போய்க் கொடி நாட்டியவரை, சீனாவிலிருந்து வந்தவரே மறந்துவிட்டார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த 100 மடங்களும் இப்போது எங்கே? பௌத்தம் இந்த ஊரில் வேரோடு அழிந்து போயிற்று. காமாட்சி கோயிலுக்குள் இருந்த ஒரு புத்தர் சிலையைப் பற்றிக் கோபிநாத ராவ் என்ற ஆராய்ச்சிக்காரர் 1915இல் எழுத வேண்டியிருந்தது. புத்தனை ஊரை விட்டே மறக்கடித்த பிறகு, அவன் சிஷ்யன் சினிமாவில் எதிராளியைத் தூக்கிப் போடுகிறான் என்றவுடன் "எங்கள் ஊர்ப் பிள்ளை" என்று உரிமை கொண்டாட வருகிறோம்! அவர்கள் சொன்ன ஜாதி மறுப்பு வேண்டாம்; அடிதடி மாத்திரம் வேண்டும் போலிருக்கிறது.

சுவரைப் பார்த்தவர் உதைக்கக் கற்றுக் கொடுத்தாரா?

போதிதருமர் 9 வருஷம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அவரைப் பற்றிய மற்றொரு கதை. ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உட்கார்ந்த உட்காரில் அவருக்குக் கைகால் சூம்பி விழுந்துவிட்டது என்கிறார்கள். அங்கே கடைகளில் விற்கிற தருமா பொம்மைக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. தள்ளிவிட்டால் மறுபடியும் நிமிர்ந்து உட்காரும். தூக்கம் வந்ததென்று கண் இமையை அறுத்துப் போட்டார், அது தேயிலைச் செடியாக முளைத்தது என்றும் சொல்லுகிறார்கள். இமையில்லாத கண்ணும், இல்லாத காலுமாக 9 வருஷம் சுவரைப் பார்த்தவரா பறந்து உதைக்கக் கற்றுக் கொடுத்தார்? ஒரு பொய்க்கும் மற்றொரு பொய்க்கும் பொருத்தம் பார்க்கக்கூடப் புராணக்காரருக்கு நேரமில்லை.

பின் இந்தக் கதை எப்படி வந்தது? "தசைநார் மாற்றும் நூல்" என்ற அர்த்தமுள்ள பெயரோடு ஒரு தேகப் பயிற்சிப் புஸ்தகம் சீனாவில் உண்டு. அதை எழுதினவர் போதிதருமர் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் புஸ்தகம் கிளம்பியது 17ஆம் நூற்றாண்டில். அதிலுள்ள பின்னுரையின் தேதி 1624. புஸ்தகத்துக்குப் பழமை தேட வேண்டுமே! அதற்காக, 628ஆம் வருஷத்தில் ஒரு பெரிய சேனாதிபதி எழுதியதாக ஒரு முன்னுரையும், 1142ஆம் வருஷத்தில் இன்னொரு சேனாதிபதி எழுதியதாக ஒரு முன்னுரையும் சேர்த்தார்கள். அந்த முதல் முன்னுரையில், இந்த நூல் யார் யார் கை மாறி வந்தது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வருகிற தாடிக்காரர் ஒருவர் பழைய சீனக் கதைப் புஸ்தகத்தில் வருகிற கற்பனைப் பாத்திரம்! விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளத்தினிடமிருந்து நிலத்தைக் கிரயம் வாங்கினேன் என்று ஒருவன் பத்திரம் காட்டினால் எந்தக் கோர்ட்டில் செல்லும்?

இதை வெளிப்படுத்தினவர்கள் வெள்ளைக்காரர்களோ, நம்மவர்கள்மேல் பொறாமை கொண்டவர்களோ அல்ல. சீனாக்காரர்களே வெளிப்படுத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற பண்டிதர் இது படிப்பறியாத ஆசாமி செய்த புரட்டு என்று எழுதினார். 1930ஆம் ஆண்டு வாக்கில் தாங் ஹாவ் என்பவர், தாமே சண்டை வித்தை பயின்றவராக இருந்துகொண்டு, ஷாவொலின் கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்துக் காட்டினார். தன் வித்தையின் மேல் ஆசை உள்ளவனே தன் வித்தையின் புராணத்தை உடைத்தான் என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இதனால் குங்பூ குறைந்து போய்விட்டதா? கட்டுக்கதை போனால் குத்தின் பலம் போய்விடுமா?

மடத்துக்குக் கம்பு ஏன் வந்தது?

சரி, போதிதருமர் இல்லையென்றால் வேறு யார் என்று கேட்பீர்கள். ஒரு ஆள் பெயரைக் கேட்பதே தப்பு என்பதுதான் நான் சொல்ல வருகிற விஷயம்.

ஷாவொலின் மடம் 495ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சீனச் சக்கரவர்த்தியால் பத்துவோ என்ற இந்தியப் பிக்குவுக்காகக் கட்டப்பட்டது. மடம் என்றால் மானியம் வரும்; மானியம் என்றால் நிலம் வரும்; நிலமும் தானியமும் இருக்கிற இடத்துக்குத் திருடனும் வருவான், சிற்றரசனும் வருவான். நம்மூர் மடங்களையும் கோயில்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 621ஆம் ஆண்டில் அந்த மடத்தின் நிலத்தை ஒரு கட்சியார் பிடித்துக்கொண்டபோது, பிக்குகள் எதிர்க் கட்சியில் சேர்ந்து சண்டை போட்டார்கள். அந்த எதிர்க் கட்சித் தலைவன் பிற்பாடு சக்கரவர்த்தியாகி மடத்துக்கு நன்றி காட்டினான். அந்தச் சங்கதியைக் கல்லில் வெட்டி 728ஆம் ஆண்டில் நாட்டினார்கள். அது இன்றும் மடத்தில் இருக்கிறது. ஆகவே பிக்குகள் கையில் ஆயுதம் வந்ததற்குக் காரணம் தியானமா, நிலமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

16ஆம் நூற்றாண்டில் அந்த மடத்துக்குப் பேர் வந்தது கைக்குத்தினால் அல்ல, கம்பினால். நம் சிலம்பத்தைப் போலக் கம்பு வித்தை. அதைக் கற்றுக் கொடுத்தது யார் என்று அப்போது அந்த மடத்தார் சொன்ன கதையைக் கேளுங்கள். 14ஆம் நூற்றாண்டில் செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைத் தாக்க வந்தார்களாம். சமையற்கட்டில் அடுப்பெரித்துக்கொண்டிருந்த ஒரு வேலைக்காரன், நெருப்புத் தள்ளுகிற கோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மலையளவு வளர்ந்து நின்று அவர்களை விரட்டினானாம். பிறகு பார்த்தால் அவன் வேலைக்காரனே அல்லவாம், தெய்வத்தின் அவதாரமாம்! ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது என்னவென்றால், அந்தக் கலகத்தில் மடம் நாசமாகி, பிக்குகள் ஓடிப்போனார்கள் என்பதாகும். தோற்றதை ஜெயித்ததாக்கினார்கள். அதைவிட அநியாயம், அடுப்படிக்காரன் ஒருவன் கம்பு சுழற்றினான் என்று கதையிலேகூட விட்டுவைக்க மனம் வராமல் அவனையும் தேவனாக்கிவிட்டார்கள். உழைக்கிறவன் கையில் ஒரு வித்தை இருந்தால் அது அவனுடையதாக இருக்க முடியாது, மேலேயிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்கிற புத்தி நம் நாட்டில் மாத்திரம் உள்ள வியாதி அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே முதலில் குரு அந்தத் தெய்வம். பிறகு 1624க்குப் பின் குரு போதிதருமர். வித்தை ஒன்றுதான். விலாசப் பலகையில் பெயர் மாத்திரம் மாறுகிறது.

இனி நிஜமாக நடந்ததைச் சொல்லுகிறேன். யூ தாயூ என்ற சேனாதிபதி, கடற்கொள்ளைக்காரர்களோடு சண்டை போட்டுக் கம்பு வித்தையில் தேர்ந்தவர், 1561ஆம் ஆண்டு வாக்கில் ஷாவொலினுக்குப் போனார். பிக்குகள் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு, பழைய நல்ல முறை உங்களிடம் மறைந்து போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிக்குகள் கோபிக்கவில்லை, கற்றுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு இளம் பிக்குகளை அவரோடு அனுப்பினார்கள். அவர்கள் பட்டாளத்தில் 3 வருஷத்துக்கு மேல் பயின்று திரும்பி வந்து மடத்தில் கற்றுக் கொடுத்தார்கள். மடத்திலிருந்து உலகத்துக்கு வித்தை போயிற்று என்கிறார்கள். உலகத்திலிருந்து மடத்துக்கு வித்தை போயிருக்கிறது! பிறகு 17ஆம் நூற்றாண்டில்தான் கைக்குத்து முறை அங்கே பெரிதாக வளர்ந்தது. அதிலும் தாவோ மதத்தாரின் மூச்சுப் பயிற்சியும், தேகப் பயிற்சியும், பட்டாளத்தார் அடிமுறையும், நாட்டுப்புறத்தார் குத்துமுறையும் கலந்தன. ஷாவொலின் குங்பூ என்பதே ஒரு கலப்பு வித்தை, தோழர்களே! அது கலப்பாக இருந்ததால்தான் பிழைத்தது.

கோர்வை

கலப்பு என்றால் நம்மவர்களுக்கு முகம் சுளிக்கும். ஜாதியில் கலப்பு கூடாது என்று சொல்லிச் சொல்லி, கலப்பு என்ற வார்த்தையையே கெட்ட வார்த்தையாக்கி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கலப்பைப் பழிப்பது போன்ற அறியாமை வேறு இல்லை. உங்கள் தறியைப் பாருங்கள். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குப் பேர் போனது சூரத். இந்த ஊரில் பட்டுப்பூச்சியும் வளரவில்லை, மல்பெரித் தோட்டமும் இல்லை. ஆனால் சேலைக்குப் பேர் காஞ்சிபுரம். ஏன்? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டி, இரண்டு பக்கத்து ஊடையையும் ஒன்றில் ஒன்று மாட்டிப் பூட்டி, சேலை கிழிந்தாலும் கரை பிரியாதபடி கோர்வை போடுகிற கை இங்கே இருக்கிறது. தறியில் ஒருவர், பக்கத்தில் கரை நாடா தள்ள ஒருவர் என்று இரண்டு பேர் கை சேர்ந்தால்தான் அது நடக்கும். எந்தச் சாமி வந்து இந்தக் கோர்வையைக் கற்றுக் கொடுத்தது? பிடித்துப் பார்த்து, பிரிந்து போனதை மறுபடி கட்டிப் பார்த்து, மனிதன் கண்டுபிடித்ததல்லவா? சண்டை வித்தையும் அப்படித்தான். நாலு ஊர் நூல். கோர்வை போடுகிறவன் கைத்திறன்.

ஜப்பானைப் பாருங்கள். கானோ ஜிகோரோ என்ற உபாத்தியாயர் 1882இல் பழைய மல்யுத்த முறைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஜூடோ என்ற புது முறையை உண்டாக்கினார். உயிருக்கு ஆபத்தான பிடிகளைப் பயிற்சியிலிருந்து விலக்கினார். ஏன் தெரியுமா? விலக்கினால்தான் இரண்டு பேர் தங்கள் முழுப் பலத்தையும் காட்டி நிஜமாகப் பிடித்துப் பார்க்க முடியும். பிடித்துப் பார்த்தால்தான் எது பலிக்கிறது, எது பலிக்காது என்று தெரியும். "இது பயங்கர வித்தை, வெளியில் காட்டக் கூடாது" என்று மூடி வைத்தவர்களின் சீடர்களைவிட, ஆபத்தில்லாத பிடியை ஆயிரம் தடவை சோதித்தவர்களே பலசாலிகளானார்கள். கராத்தே என்பதும் ஒகினாவாத் தீவின் கைமுறையோடு சீன முறை கலந்தது. "சீனக் கை" என்று எழுதி வந்த பெயரை, ஜப்பானில் தேசாபிமானம் தலைக்கேறியிருந்த காலத்தில், 1936இல் ஒகினாவா ஆசான்கள் கூடி "வெறுங்கை" என்று எழுதத் தீர்மானித்தார்கள். சீனாவுக்குக் காஞ்சிப் புராணம்; ஜப்பானுக்குச் சீனப் பெயர் அழிப்பு. கடன் வாங்கினதை மறைப்பதும், கொடுக்காத கடனைக் கொடுத்தேன் என்பதும் ஒரே புத்தியின் இரண்டு பக்கந்தான்.

நம் நாட்டுச் சங்கதி

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சிலம்பம், குத்துவரிசை, அடிமுறை, வர்மம் என்று நமக்கும் வித்தைகள் உண்டு. இந்த ஊரை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் "மாமல்லன்" என்று, அதாவது பெரிய மல்லன் என்று, பட்டம் வைத்துக்கொண்டான். ஆனால் இவற்றுக்கும் நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? மலையாளத்துக் களரிக்கு வடக்கே பரசுராமன் குரு என்றும், தெற்கே அகத்தியன் குரு என்றும் சொல்லி வைத்திருக்கிறோம். வர்ம ஏடுகளை அகத்தியர் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம். குமரி நாட்டு ஆசான்மார் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவனைத் தொட்டுப் பார்த்து, எலும்பைக் கட்டி, எந்த இடத்தில் அடித்தால் மயக்கம் வருகிறது, எந்த இடத்தைத் தடவினால் தெளிகிறது என்று அனுபவத்தில் கண்டார்கள். அடிக்கத் தெரிந்தவனே ஆற்றவும் தெரிந்தவனாக இருந்தான். இது எவ்வளவு பெரிய அறிவு! அந்த அறிவுக்கு உரியவன் கைநோக உழைத்த ஆசான். ஆனால் ஏட்டில் பெயர் பொதிகை மலை முனிவனுக்கு. பரசுராமன் க்ஷத்திரியர்களைக் கருவறுத்த கதைக்காரன். அவன் பேரைச் சொல்லி ஒருவன் பிழைக்க வேண்டுமா?

முனிவன் கொடுத்தது என்று சொல்லுவதில் இரண்டு கெடுதி இருக்கிறது. ஒன்று, முனிவன் தப்பே செய்ய மாட்டான் ஆகையால் வித்தையில் ஒரு தப்பைத் திருத்த முடியாது. இரண்டு, முனிவன் கொடுத்தது ரகசியம் ஆகையால் "யோக்கியதை உள்ளவனுக்குத்தான்" சொல்ல முடியும். யோக்கியதை என்பது நம் நாட்டில் கடைசியில் எதைக் குறிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏகலைவன் கட்டை விரல் போன கதையை நீங்கள் அறிவீர்கள். அது கதைதான், ஆனால் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லுகிற சமூகம் நிஜம். திருத்தவும் முடியாமல், பரப்பவும் முடியாமல் வைத்த வித்தை ஆசானோடு சுடுகாட்டுக்குப் போகும். எத்தனையோ போய்விட்டது.

கதவைத் திறந்தவர்

இதற்கெல்லாம் பதில் சொன்ன மாதிரி நம் காலத்தில் ஒரு மனிதர் இருந்தார். புரூஸ் லீ என்றால் உங்களுக்குத் தெரியும். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அவர் சினிமாவில் செய்ததைவிடப் பெரிய காரியம் வித்தையில் செய்தது. 1940இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்தார். தாயார் வழியில் ஐரோப்பிய ரத்தக் கலப்பு உண்டு. இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்ற சீன முறையைப் பயின்றார். 1959இல் அமெரிக்காவுக்குப் போய், சியாட்டில் நகரத்தில் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தபோது அவருக்கு முதல் மாணாக்கராக வந்தவர் ஜெஸ்ஸி குளோவர் என்ற நீக்ரோ வகுப்புத் தோழர். பிறகு ஜப்பானியர் வந்தார், வெள்ளையர் வந்தார். அந்நாளில் சீனர் அல்லாதாருக்குச் சீன வித்தையைச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது பல ஆசான்களின் வழக்கம். வித்தை என்ன, ரத்தத்தைப் பார்த்தா கையில் ஏறும்? வந்தவனுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார்.

1964இல் ஓக்லண்டு என்ற ஊரில் மற்றொரு சீன வித்தைக்காரரோடு அவருக்கு ஒரு சண்டை நடந்தது. அன்னியருக்குக் கற்றுக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே சவால் வந்தது என்று புரூஸ் லீயின் மனைவி லிண்டா எழுதியிருக்கிறார். எதிராளி தரப்பார் அதை மறுத்திருக்கிறார்கள். அந்தத் தகராறு எப்படியாவது போகட்டும். நமக்கு வேண்டியது அதன் பிறகு நடந்தது. ஜெயித்தேன் என்று மார்தட்டிக்கொண்டு போகாமல், சில நிமிஷத்தில் முடிய வேண்டிய சண்டை ஏன் இழுத்தது, எனக்கு ஏன் இவ்வளவு மூச்சு வாங்கிற்று என்று அவர் யோசித்தார். தாம் கற்ற முறையில் குறை இருக்கிறது என்று கண்டார். குரு சொன்னது வேதம் என்று இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

அவர் என்ன செய்தார்? மேல்நாட்டுக் குத்துச் சண்டையைப் படித்தார். முகமது அலியின் பந்தயப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கால் நகர்த்தும் முறையை எடுத்தார். வாள் சண்டையைப் படித்தார். குத்துச் சண்டைக்காரன் பலமுள்ள கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறான். வாள் சண்டைக்காரனோ வாள் பிடித்த கையை முன்னால் நீட்டுகிறான். முன்னால் இருக்கிற கை எதிராளிக்குக் கிட்டே இருக்கிறது. கிட்டே இருக்கிறது சீக்கிரம் போய்ச் சேரும். ஆகவே பலமுள்ள கையையே முன்னால் வைத்தார். எதிராளி அடித்து முடித்த பிறகு தடுத்து, பிறகு திருப்பி அடிப்பது இரண்டு வேலை. அவன் அடிக்கக் கிளம்புகிற அந்தக் கணத்திலேயே குறுக்கே புகுந்து அடித்தால் ஒரே வேலை. இதுவும் வாள் சண்டையில் உள்ளது. இதை மையமாக வைத்து 1967இல் தம் முறைக்கு ஜீத் குனே டோ என்று பெயரிட்டார். குறுக்கே மறிக்கும் குத்தின் வழி என்பது அதன் பொருள்.

அவருடைய தத்துவத்தைச் சுருக்கமாகச் சொன்னால், பயன்படுவது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள், பயன்படாதது யார் கொடுத்ததானாலும் தள்ளிவிடு, உன் உடம்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்றதை நீயே சேர் என்பதாகும். தெருவில் ஒருவன் அடிக்க வரும்போது, வரிசைப்படி முதலாவது அசைவு, இரண்டாவது அசைவு என்று மந்திரம் சொல்லுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தால் பல் போய்விடும் என்றார். தண்ணீரில் இறங்காமல் தரையில் நீந்திப் பழகுகிறவன் மாதிரி, எதிராளி இல்லாமல் காற்றோடு சண்டை போடுகிறவர்களைக் கண்டித்தார். இதெல்லாம் சண்டைக்கு மாத்திரமா பொருந்தும்? வாழ்க்கையில் நாம் செய்கிற சடங்கு எத்தனை, காற்றோடு போடுகிற சண்டை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று செய்தார். 1970இல் தம் பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார். தம் முறையையே ஒரு புது மதமாக்கிக்கொண்டு, ஆசான் செய்ததை அப்படியே செய்கிற கூட்டம் கிளம்பிவிடும் என்று அஞ்சினார். அஞ்சியபடியே நடந்தது. 1973ஆம் ஆண்டு ஜூலை 20ந் தேதி, 32 வயதிலேயே அவர் மாண்டார். மாண்டதும் சீடர்கள் இரண்டு கட்சியானார்கள். அவர் செய்த அசைவைத்தான் செய்ய வேண்டும், ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது அவர் வித்தை அல்ல என்றது ஒரு கட்சி. அவர் செய்தது போல நாமும் மற்ற முறைகளிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும் என்றது மற்றொரு கட்சி. கட்டுப்பெட்டித்தனத்தை உடைக்க வந்தவன் பேராலேயே கட்டுப்பெட்டித்தனம்! பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் இதுதான் கதி. அவர்கள் சொன்னதைச் செய்வது கஷ்டம். சிலை வைப்பது சுலபம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, போதிதருமர் காஞ்சிபுரத்துக்காரரா இல்லையா என்ற வழக்கில் நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நாளைக்கு ஒரு கல்வெட்டு கிடைத்து அவர் இந்தத் தெருவிலேயே பிறந்தார் என்று ருஜுவானாலும், அதனால் உங்கள் பையன் கையில் ஒரு குத்து ஏறப் போவதில்லை. 1,500 வருஷத்துக்கு முன் செத்தவருடைய பலம் நமக்கு வராது. "எங்கள் முப்பாட்டன் யானை வைத்திருந்தான்" என்று சங்கிலியைக் காட்டுகிறவனைப் போல நாம் இருக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாகச் செய்யத்தக்கது இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். இது நல்ல ஆரம்பம். ஆனால் சிலம்பத்துக்கு இத்தனை ஆயிரம் வருஷம் வயது என்று வாய்க்கு வந்தபடி கணக்குச் சொல்லுவதைவிட, அதில் எந்த வீச்சு இன்று பலிக்கிறது, எது அழகுக்கு மாத்திரம் என்று சோதித்துச் சொல்லுகிறவனே அதற்கு நிஜமான தொண்டு செய்கிறவன். ஆசான்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள். ஜூடோவிலிருந்து ஒரு பிடியோ, குத்துச் சண்டையிலிருந்து ஒரு கால் நகர்வோ நல்லதாகப் பட்டால் வெட்கப்படாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் நாணயமாகச் சொல்லுங்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்காதீர்கள். காலில் விழச் சொல்லாதீர்கள். வந்தனம் சொன்னால் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஜூடோப் பள்ளியில் 1926ஆம் வருஷமே பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டுவிட்டது. நம் வீட்டில் பெண்ணுக்குக் கோலம் கற்றுக் கொடுக்கிறோம். இருட்டில் தனியே வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தாயத்துக் கட்டுகிறோம். தாயத்து எவன் கையையாவது தட்டிவிட்டதாகக் கண்டதுண்டா? பிடித்த கையை உதறிக்கொண்டு வரத் தெரிந்த பெண்ணுக்குத் தாயத்தும் வேண்டாம், துணைக்கு அண்ணனும் வேண்டாம். நிமிர்ந்து நடப்பாள். அந்த நிமிர்ச்சிதான் சுயமரியாதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் தெருவில் ஒரு சிறு கூடம் வையுங்கள். சாயங்காலம் தறியிலிருந்து இறங்கிய கையும் காலும் கொஞ்சம் நிமிரட்டும். சுவரில் யார் படமும் வேண்டாம். படம் மாட்டுகிற ஆணிக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். எது நிஜம், எது பொய் என்பதை அந்த மணல் மூட்டை எந்தப் புராணத்தைவிடவும் ஒழுங்காகச் சொல்லும்.